ஏவ்பரி கல்லடியில் ஓர் அகல்விளக்கு

கேள்வி: இங்கிலாந்தில் சுவிண்டன் நகரில் பதினோரு வருடமாக இருக்கிறேன். சொந்த ஊர் சென்னிமலைப் பக்கம். 2021 மே மாதம் அம்மா தவறியபோது என்னால் ஊருக்குப் போக முடியவில்லை, எல்லாவற்றையும் செல்போனில்தான் பார்த்தேன். சில வாரம் கழித்து, வீட்டில் இருக்கப் பிடிக்காமல் பஸ் ஏறி ஏவ்பரி கல்வட்டத்துக்குப் போனேன். வட்டத்துக்கு வெளியே நீளும் கல் வரிசையில், நடுவில் அகன்று மேலே கூம்பி நிற்கும் ஒரு கல்லைப் பார்த்ததும், சின்ன வயதில் அம்மா எங்கள் காட்டுக்குப் பக்கத்தில் காட்டிய கல்வட்டம் நினைவுக்கு வந்து அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அன்றிலிருந்து அமாவாசைதோறும் போகிறேன். கல்லடியில் அகல் வைத்து நல்லெண்ணெய் விளக்கேற்றி, கல்லுக்குக் குங்குமம் இட்டு, அரை மணி நேரம் இருந்துவிட்டு வருவேன். மற்றவர்கள்தான் பிரச்சினை. மேளம் அடிக்கிறார்கள், கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறார்கள், சாய்ந்து உட்கார்ந்து சாண்ட்விச் தின்கிறார்கள், நாயை அவிழ்த்து விடுகிறார்கள். போன மாதம் ஒரு சின்னப் பையன் என் கல்லில் ஏறியபோது கத்திவிட்டேன். அவன் பயந்து அழுதான், அவனுடைய அப்பா ஒரு வார்த்தை பேசாமல் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதிலிருந்து மனசு சரியில்லை. மரியாதை தெரியாத கூட்டத்துக்கு நடுவில் எப்படி இருப்பது? போவதையே நிறுத்திவிடலாமா?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

நிறுத்த வேண்டாம், போங்கள். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு நீங்கள் போகாமல் இருந்துவிடக் கூடாது.

நான் மனநல ஆலோசகர் இல்லை. தொல்லியல் இடங்களில் கற்களைப் பாதுகாக்கும் வேலையில் 26 வருடம் இருந்தவள், நடுகல், கல்வெட்டு, கல்வட்டம் என்று கல்லோடுதான் என் பிழைப்பு. அதனால் எனக்கு எதையும் கல்லின் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பழக்கம். அப்படிப் பார்த்தால், உங்கள் கடிதத்தில் வருகிற எல்லோரிலும் அந்தக் கல்லுக்கு அதிகமாகக் கெடுதல் செய்வது நீங்கள் ஏற்றும் விளக்குதான். இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. அம்மாவுக்காக ஏற்றும் விளக்கு அது, அதைப் போய் இப்படிச் சொல்கிறேனே என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் தெரிந்தும் சொல்லாமல் விட்டால் என் வேலைக்கு அர்த்தமில்லை.

ஏவ்பரியில் நிற்பது சார்சன் என்கிற மணற்கல். மணலைச் சிலிக்காவே பசைபோலப் பிடித்து இறுக்கிய கல், அவ்வளவு எளிதில் உளிக்கு மசியாது. அப்படிப்பட்ட கல்லை மனிதர்கள் நெருப்பை வைத்துத்தான் ஜெயித்தார்கள். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அந்த ஊர்க்காரர்களுக்கு வீடு கட்டக் கல் வேண்டியிருந்தது, நிலமும் வேண்டியிருந்தது. கல்லைக் குழிக்குள் சாய்த்து, அடியில் வைக்கோலைப் போட்டு எரித்து, நன்றாகச் சூடேறியதும் எந்த இடத்தில் உடைய வேண்டுமோ அந்த இடத்தில் பச்சைத் தண்ணீரைக் கோடு போட்டமாதிரி ஊற்றிச் சம்மட்டியால் ஓங்கிப் போடுவார்கள், பிளந்துவிடும். வில்லியம் ஸ்டூக்லி என்கிற பழம்பொருள் ஆய்வாளர் 1720களில் அங்கே போய்ப் போய் இருந்து இதை எழுதி, படமாகவும் வரைந்து வைத்திருக்கிறார். இன்றைக்கு அந்தக் கிராமத்தில் நீங்கள் பார்க்கிற பழைய வீடுகள் சிலவற்றின் சுவரில் இருப்பது அந்தக் கற்கள்தான். நம் பக்கத்துக் கல்லுடைப்பவர்களும் ஒரு காலத்தில் பாறைமேல் தீ மூட்டித்தான் பலகை பலகையாகக் கல் எடுத்தார்கள். சூட்டில் கல்லின் மேல்தோல் மட்டும் விரிந்து, உள்ளே இருக்கும் குளிர்ந்த கல்லை விட்டுப் பிரிந்துகொள்ளும்.

ஓர் அகல்விளக்கு கல்லைப் பிளந்துவிடுமா என்று கேட்பீர்கள். பிளக்காது. ஆனால் மாதாமாதம் அதே இடத்தில், கல்லை ஒட்டி, குளிர்நாட்டு ஈரத்தில் ஊறிய கல்லின் ஒரு சாண் பரப்பு மட்டும் சூடாகிச் சூடாகி ஆறுகிறது. புகை படிகிறது. எண்ணெய் சிந்தினால் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும், இறங்கிய எண்ணெயைத் திரும்ப எடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம், அது தூசியைப் பிடித்துக் கறுத்துக்கொண்டே போகும். அப்புறம் கல்மேல் சாம்பல், மஞ்சள், வெளிர்பச்சை நிறங்களில் திட்டுத் திட்டாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள், அழுக்கு என்றுகூட நினைத்திருக்கலாம். அது லைக்கன். நம் சமையலில் மசாலாவோடு தாளிக்கப் போடுகிறோமே கல்பாசி, அந்த வகையறாதான். பாறையோடு ஒட்டி வளரும் வகைகள் பல, வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. ஆகவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டைப் பார்த்தால் அதற்கு உங்கள் பாட்டி வயது இருக்கலாம். விளக்குச் சூடு பட்டால் அது கருகிப்போகும். ஏவ்பரிக்குப் பக்கத்திலேயே மேற்குக் கென்னட் நீள்கல்லறை இருக்கிறது, போயிருப்பீர்கள். அதற்குள் பக்தியோடு வந்தவர்கள் ஏற்றிவிட்டுப் போகும் சின்ன மெழுகுவத்திகளால் கல்லில் கரியும் மெழுகுக் கறையும் படிவது அங்கே பராமரிப்பு செய்கிறவர்களுக்குப் பெரிய தலைவலி. ஏற்றியவர்களில் ஒருவர்கூட அந்த இடத்தைக் கெடுக்க நினைத்திருக்க மாட்டார்.

குங்குமமும் அப்படித்தான். ஒரு நடுகல்லைச் சுத்தம் செய்தது எனக்கு இன்னும் கைவிரலில் இருக்கிறது. முழங்கால் உயரம்தான். ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக எண்ணெய் ஊற்றி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மேலே ஒரு விரல் கனத்துக்குக் கறுப்பாகத் தோல் மாதிரி ஏறியிருந்தது. பஞ்சை நனைத்து ஒற்றி, மூங்கில் குச்சியால் மெதுவாகச் சுரண்டி, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்ததில் என் கையகலம் தெரிந்தது. அந்தக் கையகலத்தில் வீரனின் கால் ஒன்றும் மூன்று வட்டெழுத்தும். நான்காவது எழுத்து எண்ணெயோடு சேர்ந்து உதிர்ந்து வந்துவிட்டது. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி, “நாங்க நல்லா வச்சிக்கிட்டுத்தானே இருந்தோம்” என்றார். நல்லாத்தான் வைத்திருந்தார்கள். அவர்கள் எண்ணெய் ஊற்றாமல் இருந்திருந்தால் அந்தக் கல் எப்போதோ யார் வீட்டுப் படிக்கல்லாகவோ போயிருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் ஏவ்பரி கல்லை யாரும் படிக்கல்லாக எடுத்துப் போகப் போவதில்லை, அதற்கு உங்கள் குங்குமத்தின் காவல் தேவையில்லை.

சரி, மற்றவர்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

கடிதத்தில் “என் கல்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமை எனக்குப் புரிகிறது, நானும் சில கற்களை அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கல்லின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். நீங்கள் உட்காருவது மேற்குக் கென்னட் கல் வரிசையில். வட்டத்திலிருந்து தொடங்கி ஓவர்டன் குன்றுவரை, சுமார் இரண்டரை கிலோமீட்டருக்கு, உயரமாக ஒடுங்கிய கல்லும் அகன்று கூம்பிய கல்லும் எதிரும் புதிருமாக ஜோடி ஜோடியாக ஒரு காலத்தில் நின்றன. ஐரோப்பிய இடைக்காலத்தில் பல கற்களைக் குழி வெட்டி மண்ணுக்குள் புதைத்தார்கள், ஏன் என்பதற்குச் சமயம்தான் காரணம் என்பது பலருடைய கருத்து. அப்படிப் புதைந்து கிடந்தவற்றை அலெக்சாண்டர் கீலர் என்பவர் 1934, 35இல் தோண்டி எடுத்து அவற்றின் பழைய குழியிலேயே நிறுத்தினார். மார்மலேட் வியாபாரக் குடும்பத்தின் வாரிசு, அந்தப் பணத்தைக் கொண்டுவந்து இங்கே கொட்டினார். கல் கிடைக்காமல் குழி மட்டும் கிடைத்த இடங்களில் சின்ன சிமெண்ட் கட்டைகளை நட்டார், வரிசையில் அங்கங்கே நீங்கள் பார்ப்பது அவற்றைத்தான். 1938இல் வட்டத்துக்குள் ஒரு கல்லுக்கு அடியில் ஓர் ஆளின் எலும்புக்கூடு கிடைத்தது, கூடவே ஒரு கத்தரிக்கோல், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக் காசுகள். மருத்துவமும் பார்க்கிற நாவிதராக இருக்கலாம் என்றார்கள். 1943இல் கீலர் அந்த நிலத்தை, பழைய இடங்களைப் பாதுகாக்கும் தொண்டு நிறுவனமான நேஷனல் டிரஸ்டுக்கு விற்றார்.

இத்தனை பேரும் அந்தக் கற்களோடு ஏதோ ஓர் உறவு வைத்திருந்தவர்கள்தான், புதைத்தவர்களும் எரித்தவர்களும்கூட. 1649இல் வேட்டைக்கு வந்த இடத்தில் ஜான் ஆப்ரி என்கிற இளைஞர் இதைப் பார்த்து மலைத்துப்போனார், அதற்கு முன்பு அந்த ஊர்க்காரர்கள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கல்லைக் கட்டிப்பிடித்துக் கண்மூடி நிற்கிறார்களே, அவர்களைப் பார்த்து உங்களுக்கு வருகிற எரிச்சலை இங்கே வைத்துப் பாருங்கள். பழைய பிரிட்டன் பூசாரிகளான டிரூயிட்களின் வழியில் வருவதாகச் சொல்லி, வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு வருகிற டிரூயிட் குழுவினரையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழைய டிரூயிட் பூசாரிகள் வாழ்ந்தது இரும்புக்காலத்தில், ஏவ்பரி வட்டம் அதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வருடம் மூத்தது. கல்வட்டங்களையும் டிரூயிட்களையும் முடிச்சுப் போட்டது ஆப்ரி, ஸ்டூக்லி காலத்து எழுத்துகள்தான். அப்படியென்றால் அவர்கள் சடங்கு அங்கே புதுசு. ஆமாம், புதுசுதான். உங்கள் அமாவாசையும் அங்கே புதுசுதான். அந்தக் கற்களை நட்டவர்கள் எழுத்து எதையும் விட்டுப் போகவில்லை, அவர்கள் வாரிசு நான்தான் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. வருகிற எல்லோரும் விருந்தாளிகள்தான்.

உங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்வட்டம் பற்றி எழுதியிருந்தீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன், மனதில் குழப்பம் இருக்கக் கூடாது. சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. அங்கே இருக்கும் கல்வட்டங்களுக்கு நடுவே, மண்ணுக்குள், பலகைக்கற்களால் பெட்டிபோல அடைத்த அறை, ஒரு பக்கக் கல்லில் வட்டமாக ஓர் ஓட்டை, உள்ளே எலும்பு, பானை, சூதுபவள மணி. அவை ஈமச்சின்னங்கள், அம்மா உங்களிடம் மாண்டவர் குழி என்றோ பாண்டவர் குழி என்றோ பேர் சொல்லியிருக்கக்கூடும். ஏவ்பரி வட்டம் அப்படி ஒரு கல்லறையின் மேல் எழுப்பியது அல்ல, அது ஊர்கூடும் பெரிய சடங்கிடம், 330 மீட்டர் குறுக்களவில், சுற்றிலும் மான்கொம்பால் தோண்டிய அகழியோடு. ஆக, பல பேர் சேர்ந்து வந்து சத்தம் போட்டிருக்கக்கூடிய இடம்தான் அது. உங்களுக்கு அமைதி தருகிறது என்பதற்காக அது அமைதிக்கென்றே கட்டிய இடம் ஆகிவிடாது.

ஆகவே மற்றவர்கள் செய்வதை நான் எப்படிப் பிரிப்பேன் என்றால், கல்லுக்குக் கெடுதலா, எனக்குத் தொந்தரவா என்று. மேளம் உங்களுக்குத் தொந்தரவு, கல்லுக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் முடிக்கும்வரை அகழிக் கரையில் ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம், ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், நல்ல நடை. கட்டிப்பிடித்து நிற்பவர்கள், சாய்ந்து சாப்பிடுபவர்கள், இவர்களை விட்டுவிடுங்கள். யாருக்குத் தெரியும், அந்த சாண்ட்விச்காரர் போன வருடம் மனைவியோடு அதே கல்லில் சாய்ந்து சாப்பிட்டவராக இருந்தால்? உங்கள் துக்கம் அவருக்குத் தெரியாத மாதிரி அவருடையது உங்களுக்குத் தெரியாது. நாயை அவிழ்த்துவிடுவது ஆடு மேய்கிற இடத்தில் தப்பு, அதை அங்கே வேலை செய்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் யாராவது கல்லில் கீறினால், பெயிண்ட் அடித்தால், அடியில் தோண்டினால், உடனே டிரஸ்ட் ஆட்களிடம் சொல்லுங்கள், அதில் தயக்கமே வேண்டாம்.

ஏறுவது இரண்டுக்கும் நடுவில். செருப்புக்கால் பட்டு லைக்கன் உரியும், குழந்தை விழுந்தால் மண்டை உடையும். அதனால் நீங்கள் சொன்ன விஷயம் சரி. சொன்ன விதம்தான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது, இல்லையா? அடுத்த முறை பையனிடம் பேசுங்கள், குனிந்து, அவன் உயரத்துக்கு. கல்மேல் ஒரு செடி வளர்கிறது பார், உன் தாத்தாவைவிட வயசு, காலை வைக்காமல் கிட்டே போய்ப் பார் என்று காட்டிவிடுங்கள். (லைக்கன் செடி இல்லை, ஆனால் ஐந்து வயதுக்கு அது போதும்.) எனக்குத் தெரிந்தவரை ஏறுவதைவிட இது குழந்தைகளுக்கு அதிகமாகப் பிடிக்கும். போன மாதம் அழுத அந்தப் பையனை நீங்கள் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அந்த வருத்தம் கொஞ்ச நாள் கூட இருக்கும், இருக்கட்டும்.

நானும் கத்தியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம், கொங்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் கல்வட்டங்களை எண்ணிக் குறிக்கப் போயிருந்தோம். நான் முந்தின நாள் பார்த்து ஆசையாகக் குறித்து வைத்திருந்த ஒரு மூடுகல்லின்மேல், மறுநாள் காலையில் ஓர் அம்மா புளியைக் கொட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கொட்டை எடுத்த புளி, பிசுபிசுவென்று கல் முழுக்க. என்ன பேசினேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை, சேலை முந்தானையில் புளியை அள்ளிக்கொண்டு போய்விட்டார். மத்தியானம் எங்களோடு வந்த உள்ளூர்க்காரர் சொன்னார், மேட்டின் அந்தப் பக்கம் முழுக்க ஜல்லிக்குப் போய்விட்டது, இந்தப் பக்கம் மட்டும் நிற்பது அந்த அம்மா வீட்டுக்காரர்கள் நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று உட்கார்ந்ததால்தான் என்று. ஆட்டுக்கல் செய்யக்கூட அங்கே கல் எடுக்க மாட்டார்களாம், மாண்டவங்க இடம் என்று. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். மோர் கொடுத்தார். புளிபற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசத் தெரியாமல் குடித்துவிட்டு வந்தேன். மறுநாள் புளி பாயில் காய்ந்தது.

இன்னொன்றும் நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்தின் இன்னொரு பழைய கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சில் 1970களின் கடைசியிலிருந்து சாதாரணமாக டிக்கெட் வாங்கிப் போகிறவர்கள் கற்களுக்கு நடுவில் போக முடியாது, தள்ளி நின்று சுற்றி வந்து பார்க்க வேண்டியதுதான். கூட்டம் மிதித்து மிதித்துத் தரையே தேய்ந்துபோனது, அதனால் அப்படிச் செய்தார்கள். ஏவ்பரியில் இன்னும் நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி, கேட்பார் இல்லாமல், கல்லில் கை வைக்கலாம். அந்தச் சலுகை உங்களுக்கு எவ்வளவு பெரிசு என்று யோசித்தால், அதே சலுகையை அந்தப் பையனின் அப்பாவுக்கும் விட்டுக்கொடுக்க மனசு வரும் என்று நினைக்கிறேன். கல்லைச் சுற்றிக் கறையும் கரியும் கூடக் கூடக் கயிறு கட்ட வேண்டிய நாளும் கிட்டே வரும்.

இனி என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். விளக்கை வீட்டில் ஏற்றுங்கள், அம்மா படத்துக்கு முன்னால், அதே அகல், அதே நல்லெண்ணெய். அது எரிந்து முடிந்து மலையேறியதும் கிளம்புங்கள். அங்கே வெறும் கையோடு போங்கள். பூ, பழம், தானியம் எதுவும் வைக்க வேண்டாம், அங்கிருக்கும் மரங்களில் ரிப்பன் கட்டுகிறார்களே அதையும் செய்ய வேண்டாம், கிளை பருக்கும்போது அது இறுக்கிக்கொள்ளும். கையைக் கல்லில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் பேசுங்கள், தமிழில், வாய்விட்டே பேசலாம், பக்கத்தில் மேளம் அடித்தால் இன்னும் வசதி, யாருக்கும் கேட்காது. இதுவரை விட்ட கறையை நீங்களே சுத்தம் செய்ய முயலாதீர்கள், முக்கியமாக சோப்பு, பிரஷ், வெந்நீர் மூன்றும் வேண்டவே வேண்டாம், உள்ளதும் போய்விடும். கிராமத்தில் டிரஸ்ட் அலுவலகம் இருக்கிறது, எந்தக் கல், எத்தனை மாதம், என்ன எண்ணெய் என்று ஒரு கடிதத்தில் சொல்லிவிடுங்கள். திட்ட மாட்டார்கள். எனக்கு யாராவது அப்படி எழுதியிருந்தால் அந்த நாலாவது எழுத்தைக் காப்பாற்றியிருப்பேன்.

தனிமை வேண்டுமானால் ஜூன் 21, டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களைத் தவிருங்கள், சூரியன் திசை திரும்பும் நாளைக் கொண்டாட வரும் கூட்டம் இருக்கும். தை அமாவாசை தோதான நாள். அந்தச் சமயத்தில் அங்கே சூரியன் உதிக்கவே ஏழரை எட்டு மணி ஆகும், வார நாளாக இருந்தால் அந்த நேரத்துக்கு ஆடுகளையும் ஒன்றிரண்டு நாய்க்காரர்களையும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். தரை சொதசொதவென்று சுண்ணாம்புச் சேறாக இருக்கும், பூட்ஸ் போட்டுக்கொண்டு போங்கள்.